என் பொய்க்கு இன்னும் 36 எலிகள் வேண்டாம்

ஃபார்மசி கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்து, மூளை நோய் ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் உறுப்பினர்களுக்கு,

போன மாதம் உங்களில் ஒரு குழு, பார்க்கின்சன் நோய் குறித்த ஓர் ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. 36 வெள்ளை எலிகள். ஆறு பிரிவுகள், பிரிவுக்கு ஆறு. ஹாலோபெரிடால் ஊசி போட்டு எலிகளை விறைக்க வைத்து, ஒரு மூலிகைச் சாறு அந்த விறைப்பைக் குறைக்கிறதா என்று பார்ப்பது திட்டம். செய்யப்போகிறவள் எனக்குத் தெரிந்த பெண். "அக்கா, புரோட்டோகால் பாஸ் ஆயிடுச்சு, ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று அனுப்பியிருந்தாள். படித்துக்கொண்டே வந்தேன். இந்த ஆய்வு ஏன் தேவை என்று விளக்கும் பத்தியில், இதே செடி ஏற்கெனவே எலிகளில் நல்ல பலன் கொடுத்திருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்த கட்டுரை என்னுடையது.

அந்தக் கட்டுரை பொய். எப்படிப் பொய் என்பதை இந்த மடலில் சொல்கிறேன். என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பொய்யைச் சுலபமாக்கிய மேசையில் நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள், இன்றும் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2012ல் நான் எம்.ஃபார்ம் இரண்டாம் வருடம். தனியார் கல்லூரி. கைடு தலைப்பைக் கொடுத்தார், செடியையும் கொடுத்தார். செடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன்; எழுதினால் நாளைக்கே வாட்ஸப்பில் பொடியாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அனுமதிக்கு ஃபார்ம் பி நிரப்பினேன். "எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை" என்ற இடத்தில், சீனியர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினேன். பிரிவுக்கு ஆறு. ஏன் ஆறு? எல்லோரும் ஆறுதான் போடுகிறார்கள், அதனால் ஆறு. குழுக் கூட்டத்தில் என் முறை வந்து போக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எலிகளை எங்கே வாங்குகிறாய் என்று ஒருவர் கேட்டார். முடிந்ததும் அவற்றை என்ன செய்வாய் என்று இன்னொருவர் கேட்டார். வெளியிலிருந்து வந்திருந்த, விஞ்ஞானி அல்லாத உறுப்பினர் மட்டும், "இந்த மருந்து கொடுத்தா எலிக்குப் பார்க்கின்சன் வந்துருமா?" என்று கேட்டார். கைடு சிரித்துக்கொண்டே, "மாடல்தான் சார்" என்றார். அவரும் தலையாட்டிவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தத் தலைப்பைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

பதில் இதுதான்: வராது. ஹாலோபெரிடால் மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. மூளையில் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். எலியின் முன்கால்கள் இரண்டையும் ஒரு கம்பிமேல் எடுத்து வைத்தால், வைத்தபடியே நிற்கும். இறங்கவேண்டும் என்று அதற்குத் தோன்றாது, அல்லது தோன்றினாலும் முடியாது. ஸ்டாப்வாட்சில் எத்தனை விநாடி என்று எண்ணவேண்டும். சில மணி நேரத்தில் மருந்து வடிந்துவிடும், எலி பழையபடி ஓடும். மூளையில் ஒரு செல்கூடச் சாகவில்லை. பார்க்கின்சனில் நடப்பது வேறு. நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்திலுள்ள டோபமைன் செல்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகின்றன. ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் திரண்டு கட்டியாகிறது. கை நடுங்க ஆரம்பிக்கும்போது வீடு பாதி எரிந்து முடிந்திருக்கும். ஹாலோபெரிடால் எலியில் வீடு எரியவில்லை, கதவை யாரோ வெளியிலிருந்து தாழ் போட்டிருக்கிறார்கள். தாழைத் திறந்துவிடும் எந்தப் பொருளையும் தீயணைப்பு என்று நாம் பெயரிட்டுக்கொள்கிறோம்.

மனநோய் மருந்துகளால் நோயாளிகளுக்கு வரும் விறைப்பைப் படிக்க இந்தச் சோதனை நல்ல சோதனைதான், அதை மறுக்கவில்லை. தலைப்பில் அப்படியே போட்டிருந்தால் எனக்குச் சண்டை இல்லை.

இனி அனிமல் ஹவுஸுக்கு வருகிறேன்.

2012ஆம் வருடத்து மின்வெட்டை, சென்னைக்கு வெளியே இருந்தவர்களைக் கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு நாளில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அனிமல் ஹவுஸின் ஏ.சி. காகிதத்தில் 24 மணி நேரமும் ஓடியது. ஜெனரேட்டர் முதலில் அலுவலகத்துக்கு, அப்புறம் கம்ப்யூட்டர் லேபுக்கு, மிச்சம் இருந்தால் எலிகளுக்கு. சுவரில் தொங்கிய வெப்பமானிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டில் தினமும் 22, 23 என்று எழுதியிருக்கும். அந்த நோட்டில் நானும் எழுதியிருக்கிறேன். விளக்கும் அதே கதைதான். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்பது விதி. எங்கள் எலிகளுக்கு மின்வாரியம் விரும்பியபோது இருட்டு. எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பகல் பதினொரு மணிக்குக் கம்பிமேல் நிறுத்தி, அசையவில்லை என்று குறித்துக்கொள்வோம்.

அங்கே ஓர் அட்டெண்டர் அண்ணன் இருந்தார். பத்தாவது தாண்டாதவர். எலிகளைப் பற்றி அந்தக் கட்டிடத்தில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வெக்கை தாங்காமல் எலிகள் கூண்டின் மூலையில் மல்லாந்து கிடந்த நாட்களில் ஈரச் சாக்கை ஜன்னலில் கட்டிவிட்டு, "இன்னிக்கு வேண்டாம் பாப்பா, இதுங்க இன்னிக்கு உனக்குப் பொய் சொல்லும்" என்றார். நான் கேட்கவில்லை. சப்மிஷன் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்துத் தரவும் தீசிஸில் இருக்கிறது.

அவர் சொன்னதைப் பெரிய ஆய்வகங்கள் ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கின்றன என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1999ல் போர்ட்லண்ட், ஆல்பனி, எட்மன்டன் என்ற மூன்று ஊர்களில், ஒரே வம்சத்துச் சுண்டெலிகளை, ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே நேரத்தில் சோதித்தார்கள். முடிந்தமட்டும் எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அப்படியும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் விடை மாறியது. 2014ல் மான்ட்ரியலில் இன்னொரு குழு கண்டது இன்னும் வேடிக்கை. சோதனை செய்கிறவர் ஆணாக இருந்தால், அந்த வாடையிலேயே எலிகள் வலியைக் குறைத்துக் காட்டின. ஆண் இரவெல்லாம் போட்டிருந்த பனியனைப் பக்கத்தில் வைத்தாலே போதுமாம். இவ்வளவு நுட்பமான பிராணியை வைத்துக்கொண்டுதான், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே, நான் மனித மூளையின் நோயைப் படித்தேன்.

எலிகளை அடையாளம் காண பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் பொட்டு வைப்போம். தலையில் பொட்டு ஒன்றாம் எலி, முதுகில் இரண்டாம் எலி, வாலில் மூன்றாம் எலி. எந்தக் கூண்டு எந்தப் பிரிவு என்பது கூண்டு அட்டையிலேயே எழுதியிருக்கும். ஊசி போட்டதும் நான், கம்பியில் வைத்ததும் நான், ஸ்டாப்வாட்ச் பிடித்ததும் நான். சாறு கொடுத்த எலி கம்பியிலிருந்து ஒரு காலை லேசாக அசைத்தால் "இறங்கிவிட்டது" என்று கட்டைவிரல் தானாக அழுத்தும். வெறும் ஹாலோபெரிடால் எலி அதே அளவு அசைந்தால் "இது இறங்கியதாகக் கணக்கில்லை" என்று தோன்றும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. பிரிவு தெரிந்தவர் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் கட்டைவிரல் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அப்படிக் கட்டைவிரல் உதவி செய்தும் முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு குடித்த எலிகளும் சும்மா விறைத்த எலிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நின்றன. கைடிடம் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல, இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். அவருக்கு அந்த வருடம் எட்டு மாணவர்கள், இத்தனை கட்டுரை வெளியிட்டால்தான் சம்பள உயர்வு என்ற நிபந்தனை வேறு. "வேலை செய்யலன்னு தீசிஸ் போட்டா எக்ஸ்டர்னல் என்ன கேப்பாரு தெரியுமா? இன்னொரு ரன் போடு" என்றார். இன்னொரு சுற்றுக்கு எலிகள் எங்கே? வேறொரு மாணவியின் அனுமதியில் மிச்சம் இருந்தவற்றை எடுத்துக்கொண்டோம். இரண்டாவது சுற்றில், சாறு குடித்தும் மற்றவற்றைவிட அதிக நேரம் விறைத்து நின்ற இரண்டு எலிகளைக் கணக்கிலிருந்து எடுத்தோம். உடம்பு சரியில்லாத எலிகள் என்று காரணம் எழுதினோம். பலன் தற்செயலாக வந்ததா என்று பார்க்க உதவும் பி மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே இறங்கியது. வரைபடத்தில் நட்சத்திரக் குறி வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் ஓர் இதழில் கட்டுரையும் வந்தது. வைவாவில் ஒரு கேள்விகூடக் கடினமாக வரவில்லை.

முதல் சுற்று எங்கும் இல்லை. அந்த 36 எலிகள் ஈதர் பஞ்சுக்குள் போய், மூளைகள் ஐஸ் தட்டுக்குப் போய், எல்லாம் முடிந்தது. உலகத்தின் கணக்கில் அவை பிறக்கவே இல்லை. இன்று உங்கள் மேசைக்கு வந்த புரோட்டோகால், அவை இல்லாமல் போனதால்தான் வந்திருக்கிறது.

சரி, ஒரு மாணவி ஒரு தீசிஸுக்குச் செய்த தப்பு, இதற்கு யார் என்ன நஷ்டப்பட்டார் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 2017ல் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அதற்கு நாலைந்து வருடம் முன்னாலேயே அவருக்குக் காபி வாசனை தெரியாமல் போயிருந்தது. சளி என்று நினைத்தோம். தூக்கத்தில் யாரையோ உதைப்பார். கனவு என்று சிரித்தோம். கையெழுத்து எறும்பு எழுதியதுபோல் சுருங்கி, வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். என் எலிகளுக்கு வாசனை போகவில்லை, கனவு கெடவில்லை, மலச்சிக்கல் வரவில்லை. நடந்துகொண்டே வந்து கதவு நிலையருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அந்தத் திகைப்பை, எந்தக் கம்பியில் நிறுத்தியும் அவை எனக்குக் காட்டியதில்லை.

மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையில் அப்பா நன்றாகவே இருந்தார். 2019ல் அவருடைய நண்பர் ஒருவர் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். பொடி. டப்பாவின்மேல் "எலிகளில் அறிவியல் முறைப்படி நிரூபிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்தது. கீழே செடியின் பெயர். என் செடி. நான் பட்டம் வாங்கியபோது அப்பா அந்தச் செடியின் பெயரைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். இப்போது எனக்கே தெரியாமல் காலை, இரவு அரை ஸ்பூன் பொடி போட்டுக்கொண்டு, மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். "உன் ஆராய்ச்சியை நானே நம்பலன்னா வேற யாரு நம்புவா?" என்று பின்னால் கேட்டார். நான்காம் நாள் குளியலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டு, உடம்பு மட்டும் முன்னால் போய் விழுந்தார். நெற்றியில் ஆறு தையல். இடுப்பு தப்பியது எங்கள் நல்ல நேரம்.

என் ஆய்வு உண்மையாகவே இருந்திருந்தாலும் அரை ஸ்பூன் எந்த மூலைக்கு? எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பதை, உடல் பரப்பை வைத்து மனிதனுக்கு மாற்றும் வழக்கமான கணக்குப்படி பார்த்தால், 60 கிலோ ஆளுக்கு நாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட நாலு கிராம் சாறு. பத்துக்கு ஒன்று என்று சாறு கிடைக்கும் இலையாக இருந்தால் 40 கிராம் உலர்ந்த இலை. ஏன் 400 என்று என்னை யாரும் கேட்கவில்லை. சீனியர் 400 போட்டிருந்தார்.

அந்தக் கட்டுரை எப்படி உருவானது என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கேட்டுவிட்டு அவர் எலிகளைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "அப்போ அதுங்க சும்மாவா செத்துச்சு?" அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் விலங்கு ஆய்வுக்கு எதிரி என்று நினைத்து இந்த மடலை ஓரமாக வைத்துவிடாதீர்கள். அப்பா இன்று எழுந்து நடப்பதற்குக் காரணம் முயல்கள். 1957ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றுக் கிடக்கவைத்தார். அந்த ரிசர்பின் நம் சர்ப்பகந்திச் செடியிலிருந்து பிரித்த பொருள். பிறகு டோபா ஊசி போட்டதும் முயல்கள் எழுந்து நடமாடின. ஹாலோபெரிடால் எலியைப் போல அதுவும் ஒரு தாழ்ப்பாள் மாடல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அத்தோடு யாரும் நிற்கவில்லை. வியன்னாவில் ஹார்னிக்கிவிச், பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளைகளை எடுத்து அளந்து, அங்கே டோபமைன் வற்றியிருப்பதை 1960ல் காட்டினார். அடுத்த வருடமே நோயாளிகளுக்கு எல்-டோபா, அதாவது அப்பா சாப்பிடும் லெவோடோபா, கொடுத்துப் பார்த்தார்கள். முயல் ஒரு கேள்வியைக் கேட்டது, மனித மூளை அதற்குப் பதில் சொன்னது. 2000ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. பூனைக்காலி விதையில் எல்-டோபா இருப்பதை 1937லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் கட்டுரையாக்கிவிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அளந்ததை அளந்தபடி எழுதிவைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1982ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலைபோல் உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தில் எம்.பி.டி.பி. என்ற பொருள் கலந்திருந்தது. அது சப்ஸ்டான்ஷியா நைக்ராவைக் கொன்றிருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். அதே பொருளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாம் கொத்துக்கொத்தாகப் பயன்படுத்தும் பெரிய வெள்ளை எலியை அது அவ்வளவாகத் தொடவே இல்லை. சுண்டெலியில் சில வகைகளைத் தொட்டது. குரங்கை மனிதனைப்போலவே முடக்கியது. அந்தக் குரங்குகளில்தான், சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியைச் செயலிழக்க வைத்தால் விறைப்பு இளகுகிறது என்று 1990ல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் காட்டினார்கள். மூளைக்குள் மின்முனை வைக்கும் சிகிச்சை, பிரான்சில் பெனபிட் அதற்குமுன்பே நடுக்கத்துக்குத் தொடங்கியிருந்த வேலை, அந்த இடத்துக்கு நகர்ந்தது இதன் பிறகுதான். குரங்குகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அவை எதற்காகப் பட்டன என்று ஒருவர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பதில் இருக்கிறது. என் எலிகளுக்கு அது இல்லை.

இது ஏதோ நம்மூர் ஃபார்மசி கல்லூரிகளின் சீக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த, தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்துப்போகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு, எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றிய சுண்டெலிகளில் மருந்துக்குமேல் மருந்து வேலை செய்ததாகக் கட்டுரைகள் வந்தன. அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். நோய்க்கென்றே இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனம் 70க்கும் மேற்பட்ட மருந்துகளைப் போதுமான எண்ணிக்கையில், ஆண் பெண் சமமாகப் பிரித்து, ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரே பிரிவில் சேராமல் பார்த்துக்கொண்டு, மறுபடி சோதித்தது. 2008ல் வெளியிட்ட முடிவு: எந்த மருந்தும் எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. முன்பு தெரிந்த பலன்களில் பெரும்பாலானவை சிறிய எண்ணிக்கையின் இரைச்சல். அதற்குள் மினோசைக்ளின் என்ற மருந்து, எலிகளில் நல்ல பெயர் வாங்கி, 412 நோயாளிகள்வரை போய்விட்டது. 2007ல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட 25 சதவீதம் வேகமாகச் சரிந்திருந்தார்கள். என் அப்பாவுக்கு ஆறு தையலோடு போனது.

மனிதர்மேல் செய்யும் மருந்துச் சோதனைகளை முன்கூட்டிப் பதிவு செய்யவேண்டும் என்று நம் நாட்டில் 2009 முதல் கட்டாயம். விலங்குகளுக்கு அப்படி ஒன்று இல்லை. ஜெர்மனியில் 2019லேயே அதற்கென்று இணையப் பதிவேடு திறந்துவிட்டார்கள். யாரும் போய்ப் பதியலாம். ஆய்வை எழுதும்போது எவற்றையெல்லாம் மறைக்காமல் சொல்லவேண்டும் என்ற அரைவ் வழிகாட்டி 2010லிருந்து இருக்கிறது, 2020ல் திருத்தியும் வந்துவிட்டது. நான் எம்.ஃபார்ம் முடிக்கும்வரை அந்தப் பெயரையே கேள்விப்படவில்லை. சட்டம்? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், 17ஆம் பிரிவு, வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்கு ஆய்வு செய்வதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். உங்கள் மேசைக்கு வரும் முதுகலை தீசிஸ்களில் எத்தனை, கைப்பழக்கத்தைத் தாண்டியவை?

ஆகவே நான் கேட்பது இவற்றை.

அந்தப் பெண்ணின் அனுமதியை நிறுத்திவைத்து, மறுபரிசீலனை செய்யுங்கள். என் கட்டுரையை ஆதாரமாகக் கொண்ட எந்த விண்ணப்பம் எந்தக் குழுவில் இருந்தாலும் அதற்கும் இதே கோரிக்கைதான். அவளுடைய படிப்பு இதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. இதே கேள்வியை விலங்கில்லாமல் படிக்கும் வழியை அவளுக்குக் கொடுங்கள். இந்தச் சோதனையைப் பற்றி இதுவரை வந்த கட்டுரைகளையெல்லாம் சேர்த்து, எத்தனையில் பிரிவு தெரியாமல் அளந்தார்கள், எத்தனையில் காரணத்தோடு எண்ணிக்கை போட்டார்கள் என்று அவள் எண்ணிக் கொடுத்தால், அது என் தீசிஸைவிட நூறு மடங்கு உபயோகமான தீசிஸ். பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். ஒத்துக்கொள்ளும்படி குழுவின் பெயரால் கடிதம் எழுதுங்கள்.

இந்த விலங்கு மனித நோயின் எந்தப் பகுதிக்கு மாடல், எந்தப் பகுதிக்கு இல்லை என்பதை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் இரண்டு வரியில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, விஞ்ஞானி அல்லாத உறுப்பினருக்குப் புரியும்படி எழுதித் தரவேண்டும் என்று விதியுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் அனுமதி இல்லை. ஹாலோபெரிடால் விறைப்பைப் பார்க்கின்சன் என்று தலைப்பில் போட்டு வருகிறவர்களைத் தலைப்பை மாற்றிக்கொண்டு வரச்சொல்லுங்கள்.

எலிகளைப் பிரிவுகளாக யார் பிரிப்பார், குலுக்கல் எப்படி, ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர் யார், அவருக்குப் பிரிவு தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு: இந்த நான்குக்கும் ஆள் பெயரோடு பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். கூண்டு அட்டையைத் திருப்பி ஒட்டி, இன்னொரு மாணவரைக் கூப்பிட்டு அளக்கச் சொல்ல ஒரு பைசா செலவில்லை. ஆறு என்ற எண்ணுக்குக் காரணம் கேளுங்கள். சில சமயம் விடை பன்னிரண்டாக வரும். வரட்டும். ஒன்றும் சொல்லாத ஆறு எலிகளைக் கொல்வதைவிட அது மேல். சில சமயம், இந்த ஆய்வே வேண்டாம் என்று வரும்.

அனிமல் ஹவுஸின் வெப்பநிலையை எழுதும் நோட்டை எடுத்துவிட்டு, தானாகப் பதிவு செய்யும் கருவி வையுங்கள். கரண்ட் போன நாட்களில் ஆய்வு நடக்கக் கூடாது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள், அவர் சொன்னால் கைடும் கேட்கவேண்டும்.

நீங்கள் அனுமதித்த ஒவ்வொரு ஆய்வின் முடிவையும், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், எடுத்துப்போட்ட எலிகள் உட்பட, முடிந்த ஆறு மாதத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். முந்தைய முடிவை வெளியிடாத கைடுக்கு அடுத்த அனுமதி கிடையாது என்று சொல்லிவிடுங்கள். இதற்குத் தில்லியிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவேண்டாம். கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம் திறந்தால் போதும். அப்புறம், விலங்கு ஆய்வுகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு வேண்டும் என்று உங்களை மேற்பார்வையிடும் மத்தியக் குழுவுக்கு நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் அது புகார், நீங்கள் எழுதினால் பரிந்துரை.

என் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி அந்த இதழுக்கு எழுதினேன். மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியே இப்போது இல்லை. கட்டுரை மட்டும் இணையத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முதல் சுற்றின் நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நீல அட்டை, ஓரத்தில் பிக்ரிக் அமிலக் கறை. 36 எலிகள், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி கம்பியில் நின்றது, என்றைக்குக் கரண்ட் இல்லை, எல்லாம் அதில் இருக்கிறது. அதை வாங்கிப் பதிவு செய்து, அடுத்து இந்தச் செடியைத் தேடி வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைக்க உங்களில் எந்தக் குழு தயாராக இருக்கிறது என்று சொல்லுங்கள். பஸ் ஏறி நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்